ஏழு போர்டுகளில் இருந்த ரெசிஸ்டர்

கம்போங் மேடான்,
21.8.1999

மதிப்பிற்குரிய சிவகுருநாதன் அண்ணனுக்கு,

சால்டரிங் மேசையில் வேலை செய்யும் சீதாலெட்சுமி வணக்கத்துடன் எழுதுகிறேன். ஈப்போவில் நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். விலாசத்தை ரமணி அக்காவிடம் வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

அண்ணே, கிள்ளான் மீன் கிடங்கின் குளிரை அளக்கச் செய்த எட்டு போர்டு மீட்டர் ஓடாமல் போனது என்னால்தான்.

போர்டில் ஓட்டை காலியாக இருந்தால், சரிபார்க்கும் ரமணி அக்கா தவறு என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். உங்கள் போர்டு வரைபடத்தில் ஒரு ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. பள்ளியில் மூன்றாம் பாரத்தோடு நின்றவள் நான். கேட்க வெட்கமாக இருந்தது. எட்டு போர்டிலும் அதை வைத்து ஈயத்தால் பற்றவைத்துவிட்டேன்.

இரண்டு போர்டு மாட்டினால் கம்ப்யூட்டரோடு பேசுகிறது, எட்டும் மாட்டினால் குழம்புகிறது என்று நீங்கள் லினக்ஸ் டிரைவர் புரோகிராமை மூன்று வாரம் திருப்பித் திருப்பி எழுதினீர்கள். ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "தங்கச்சி, போர்டுல ஏதாச்சும் மாத்தினீங்களா?" என்று கேட்டீர்கள். பயத்தில் தலையை ஆட்டி இல்லை என்றேன். அன்று மத்தியானம் ஆபீஸ் போனில் உங்கள் அம்மாவிடம், "நான்தான் எங்கேயோ பிழை விட்டிட்டேன் அம்மா" என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. மறுவாரம் முதலாளி உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

நீங்கள் அடுத்த ஆளுக்காக வரைந்து ஒட்டிவிட்டுப் போன படத்தைப் போன புதன்கிழமைதான் நன்றாகப் பார்த்தேன். கடைசி போர்டில் மட்டும் ரெசிஸ்டர். மற்ற ஏழிலும் அந்த இடம் காலி. சாப்பாட்டு நேரத்தில் அந்த ஏழு ரெசிஸ்டரையும் கழற்றினேன். திரையில் எட்டு எண்களும் வந்து நின்றன. உங்கள் டிரைவரை யாருமே தொடவில்லை, அண்ணே.

முதலாளி பழனியப்பன் வந்து பார்த்துவிட்டு, "பாத்தியா, அவன் போனதும் மெஷினே சரியாயிருச்சு லா!" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவரிடம் நானே சொல்லப் போகிறேன். என்னை நிறுத்தினாலும் சரி. இந்தக் கடிதத்தை நீங்கள் அவரிடம் காட்டலாம். கழற்றிய ஏழு ரெசிஸ்டரையும் காகிதத்தில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன்.

என்னை மன்னிக்கும்படி கேட்க எனக்கு முகம் இல்லை. அம்மாவிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், பிழை உங்களுடையது இல்லை என்று.

இப்படிக்கு,
தலை குனிந்து,
சீதாலெட்சுமி