ஏழு சதவீத வீடு

எதையும் கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குப் பாதகமானதையும் சேர்த்துத்தான்.

இன்று பள்ளியில் புதிதாக எழுப்பும் சுற்றுச்சுவருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரச் சிமெண்டின் வாசனை வகுப்புக்குள் வந்தது. சட்டென்று உன் பக்கம் திரும்பினேன். பெஞ்சில் உன் இடம் காலியாக இருந்தது. நீ போய் மூன்று மாதமாகிறது. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, முத்தாண்டிக்குப்பத்தில் அப்பா அந்த வீட்டைக் கட்டும்போது, சிமெண்ட் மூட்டைகளுக்குக் காவலாக உங்கள் குடும்பத்தைக் கொட்டகையில் தங்கவைத்தார். பூசிய சுவர் வெடிக்காமலிருக்க மூன்று வாரம் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். நீயும் உன் அம்மாவும் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினீர்கள். அதன் பிறகுதான் நீ பள்ளிக்கு வருவாய், பாவாடை ஓரம் நனைந்தபடி. கூலி கிடையாது. வீடு முடிந்ததும் உங்களுக்கே வாடகைக்கு என்பதுதான் பேச்சு. எழுபத்தைந்து ரூபாய்.

ஒரு வருடம் கழித்து, வீட்டில் போட்ட பணத்துக்கு என்ன வருகிறது என்று பார்க்கச் சொன்னார் அப்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வருட வாடகை தொள்ளாயிரம். வரிக்கும் வெள்ளையடிக்கவும் அறுபது போக எண்ணூற்று நாற்பது. போட்டது பன்னிரண்டாயிரம். ஏழு சதவீதம். விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன்.

பேங்கில் பத்து கிடைக்குமே என்றார். பத்து வர வாடகை நூற்றைந்து ஆக வேண்டும் என்று அதையும் நானே எழுதிக் கொடுத்தேன். ஐந்தை விட்டுக்கொடுத்து நூறாக்கினார். அந்தத் தாராளத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா அதை உங்களிடம் சொல்ல வந்தபோது நானும் கூட வந்தேன். உன் அப்பாவுக்கு கான்ட்ராக்டில் மாதத்தில் பாதி நாள்தான் வேலை என்றார் உன் அம்மா. பிறகு கேட்டார்: "செவுத்துக்குத் தண்ணி சொமந்துகினு கெடந்தமே, அத சேத்துதான் பாத்தீங்களா சார்?"

"கணக்குப் போட்டது நான் இல்லம்மா, என் பொண்ணு." அப்பா தாளை நீட்டினார்.

உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நீதான் வாங்கிப் பார்த்தாய்.

"கோடெல்லாம் நேராத்தான்டி போட்டிருக்குற."

அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டீர்கள்.

இன்று வீட்டுக்கு வந்ததும் கணக்கைத் திரும்பப் போட்டேன். மூன்று வாரக் கூலியைச் செலவில் சேர்த்தேன். போட்டது கூடுகிறது, சதவீதம் இன்னும் குறைகிறது, வாடகை இன்னும் ஏற வேண்டும் என்று வருகிறது. நீங்கள் சுமந்த தண்ணீருக்கு நீங்களே வாடகை தர வேண்டுமாம்! என்ன அநியாயம் இது? பேனாவைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் என் தவறு புரிந்தது. அது செலவே அல்ல. நீங்களும் முதல் போட்டவர்கள். நான் அப்பா ஒருவரை மட்டும் எழுதிக்கொண்டு வகுத்திருக்கிறேன்.

அப்பாவிடம் காட்டினேன். "பத்திரம் அவங்க பேர்லயா இருக்கு? போய்ப் படு," என்றார்.

"இந்த குவார்ட்டர்ஸும் நம்ம பேர்ல இல்லையேப்பா. நாம குடுக்கிற வாடகை எத்தனை சதவீதம்னு யாராவது வந்து கேட்டாங்களா?"

"போய்ப் படுன்னேன்," என்றார் மறுபடியும்.

இனி எந்தக் கணக்கில் 'போட்டது' என்று கண்டாலும், யார் போட்டது என்று கேட்காமல் நான் வகுக்கப் போவதில்லை. இதையாவது நீ என்னிடம் விட்டுப் போனாய்.

அப்பா வந்து விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி நேராக இருக்காது.