மதினி மறைத்த கசாயம்

மதினி,

இன்று காலை அடுத்த வீட்டிலிருந்து விளக்கெண்ணெய் காய்கிற வாடை வந்தது. உடனே உன் முகம் முன்னால் வந்து நின்றது. வீட்டுக்காரரின் அக்கா என்பதால் நீ இருந்தவரை ‘நீங்க’ என்றுதான் பேசினேன். இப்போது ‘நீ’ என்றே எழுதுகிறேன். எழுந்து வந்து கேட்கவா போகிறாய்?

நீ இருந்தபோது ஒரு நாள், ஏலக்காய் பொறுக்கப் போன என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே வீடு வந்தாள். முதலில் தொப்புளைச் சுற்றி வலி. பிறகு அது வலது அடிவயிற்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. சோற்றைக் கண்டாலே குமட்டல். போடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் தெளிவாகச் சொன்னார்: “குடல்வால் வீங்கியிருக்கும் போல. ஆபரேசன் தேவைப்படும். அதுவரைக்கும் வாயில ஒண்ணும் குடுக்காதீங்க. வயித்தைத் தடவாதீங்க.”

நீ மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினாய். கூடையில் எண்ணெய்ப் புட்டி, கையில் கசாயத் தூக்கு.

“குடலேத்தம்டி இது, குடல் மேல ஏறிக்கிருச்சு. எண்ணெய் தடவித் தட்டிவிட்டா வெரசா எறங்கிரும்.”

“தொடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காக, மதினி.”

“நேத்துப் பொறந்த புள்ள பேச்சு ஒனக்குப் பெருசாப் போச்சாக்கும்!”

மருந்து வாங்க நான் கீழே போனேன். உனக்கு அந்த நேரம் போதுமாயிருந்தது. திரும்பி வந்தபோது மகள் வலியில்லாமல் கிடந்தாள். வயிறெல்லாம் எண்ணெய். நீ வார்டுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாய்: “ஆஸ்பத்திரி செய்யாததை என் கை செஞ்சிருச்சு. துணியை மடிச்சு வை, வீட்டுக்குப் போவோம்.”

டாக்டரம்மா வந்து கை வைத்துப் பார்த்தார். வயிறு பலகையாக இறுகியிருந்தது. அழுத்திய கையை எடுத்ததும் மகள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

“வலி நின்னுச்சுன்னு சந்தோசப்படாதீங்க. குடல்வால் வெடிச்சிருச்சு. சீழ் உள்ள பரவுது, இப்பவே ஆபரேசன் செய்யணும். ஏதாவது குடிச்சாளா? மறைக்காமச் சொல்லுங்க. மயக்க மருந்து குடுக்கையில வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள போயிரும், உயிருக்கே ஆபத்து.”

உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். மகளும் பயந்துபோய் உன்னைத்தான் பார்த்தாள். நீ ஜன்னலைப் பார்த்துச் சொன்னாய்: “பச்சத் தண்ணிகூடப் பல்லுல படல.”

நான் குனிந்து மகளின் வாயை மோந்தேன். ஓமமும் ஏலக்காயும் மணந்தன.

“பொய்யி டாக்டரு! இந்தப் பொம்பள கசாயம் குடுத்திருக்கா!”

மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். உன் கசாயம் பழுப்பாகப் பைக்குள் இறங்கியது. நீ தூக்கை முந்தானையால் மூடினாய். வயிற்றைத் திறந்து, கழுவி, ஊசி மேல் ஊசி போட்டு என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

தடவியதைக்கூட விட்டுவிடுவேன். நம் பக்கம் குடலேற்றம் தட்டாத வயிறு ஏது? ஆனால் கேட்ட இடத்தில் பொய் சொன்னாயே! உன் கைராசி கெட்டுவிடக் கூடாது என்று என் பிள்ளை உயிரைப் பணயம் வைத்தாயே, அதை எப்படி விடுவேன்? பிறகும் விசேஷ வீடுகளில் “என் கை பட்டுத்தான் பொழச்சா” என்று சொல்லித் திரிந்தாய்.

நீ கண்ணை மூடிய அன்று, குளிப்பாட்டும் முன் சொந்தக்காரப் பெண்கள் உன் தலையில் எண்ணெய் வைத்தார்கள். “நீயும் வையி, ஆத்தா” என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் கையை நீட்டவில்லை. மகள் வைத்தாள். அது அவள் மனசு.

இன்று வாடை வந்த வீட்டுக்கு நேரே போனேன். அந்த வீட்டுப் பையன், கல்யாணமானவன், பாயில் சுருண்டு கிடந்தான். அவன் அம்மாவின் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கினேன்.

“ஆட்டோவைக் கூப்பிடு. வாயில என்ன ஊத்துனே?”

“ஒண்ணுமில்ல, பெரியம்மா.”

அவளும் ஜன்னலைத்தான் பார்த்தாள். நான் குனிந்து அவன் வாயை மோந்தேன்.

“ஓமத் தண்ணி, பெரியம்மா... ஒரு மடக்குத்தான்.”

“ஆஸ்பத்திரிக்குப் போன ஒடனே டாக்டருகிட்ட மொதல்ல அதைச் சொல்லு.”

வயிற்றுவலி என்று யார் படுத்தாலும் நான் முதலில் வாயைத்தான் மோந்து பார்க்கிறேன், மதினி. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்.