ஊற்று இருந்த பக்கம்

கோத்தகிரி,
நவம்பர் 14.

அன்பு மகன் நவநீதனுக்கு அப்பா பரமசிவன் எழுதுவது.

நலமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். இருபது நாளாக உனக்குப் போன் செய்கிறோம். மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. அதனால்தான் பெங்களூர் விடுதி முகவரிக்கு இதைப் பதிவுத் தபாலில் போடுகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருக்கும். திருப்பி அனுப்பிவிடாதே.

நாங்கள் இப்போது பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். ஆறாம் வகுப்பு அறையில் நாலு குடும்பம். யாரோ புண்ணியவான்கள் கம்பளி கொடுத்தார்கள். அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. ஆனாலும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறாள். சும்மா உட்கார்ந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்குள் வருகிறதாம்.

உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐப்பசி மழை நாலு நாளாக விடவில்லை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். நம் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே ரிசார்ட்டுக்காக ஜேசிபி வைத்து வெட்டிய சரிவு அப்படியே கழன்று வந்தது. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கடைசி மூன்று வீடுகள் போய்விட்டன. இரண்டு வீட்டில் ஆள் இல்லை, சந்தைக்குப் போயிருந்தார்கள். மூன்றாவது பியாட்ரிஸ் அக்கா வீடு. நாங்கள் மலைக்கு வேலைக்குப் போன பிறகு எஸ்டேட் பிள்ளைக்காம்பராவில் உன்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவள், பால் புகட்டியவள். துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் காலையில்தான் எடுக்க முடிந்தது. கையில் மகள் லிஜியின் துப்பட்டா இருந்தது. லிஜி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்ததால் தப்பினாள்.

நீ இந்தப் படிப்பில் சேர்ந்தபோது லயத்தில் எல்லோரும் சிரித்தது நினைவிருக்கிறது. ‘ரியல் எஸ்டேட்டுக்குக் காலேஜா? அப்ப நாம இருக்கறது பொய் எஸ்டேட்டா?’ என்று கேட்டார்கள். நீ கோபப்படவில்லை. நிலம் எப்படிக் கைமாறுகிறது, எந்தக் காகிதத்தில் யார் பெயர் ஏறுகிறது என்று தெரிந்தவன் ஒருத்தனாவது நம்மில் வேண்டும் என்று சொன்னாய். மூன்று தலைமுறையாக இலங்கைக்குக் கப்பலேறிப் போயும் திரும்பி வந்தும் ஒரு சென்ட் சொந்தமில்லாத எனக்கு, அது சரியாகத்தான் பட்டது.

போன வருஷம் சித்திரை லீவில் புராஜெக்ட் என்று வந்தாய். லயத்துக்கு மேலே இருந்த பழைய தேயிலைச் சரிவை அளந்தாய். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். பியாட்ரிஸ் அக்காதான் புதருக்குள் இருந்த ஊற்றைக் காட்டினாள். ‘இது எந்தக் கோடையிலயும் வத்தாது தம்பி. இதுக்கு மேல மண்ணுல கைவச்சா லயம் நிக்காது’ என்றாள். நீ அதை எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். எழுதி முடித்த அறிக்கையை லிஜிக்கும் படிக்கக் கொடுத்தாயாம். இந்த இடத்தில் வெட்டக் கூடாது என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது என்கிறாள்.

உன் அறிக்கையைப் பார்த்து அந்த ரிசார்ட் கம்பெனி உன்னைப் பயிற்சிக்கு எடுத்தது. அதே சரிவை எஸ்டேட்டிடமிருந்து வாங்கியது. எல்லாம் உன் கெட்டிக்காரத்தனம் என்று அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.

போன வாரம் குன்னூரில் விசாரணை நடந்தது. அனுமதி கேட்டுக் கம்பெனி கொடுத்த அறிக்கையை அதிகாரி படித்துக் காட்டினார். நிலத்தில் ஊற்றோ ஓடையோ கிடையாது என்று இருந்தது. கீழே தயாரித்தவர் என்று உன் பெயர். லிஜி எழுந்து, ‘அண்ணன் எழுதுனதுல ஊத்து இருந்துச்சுங்க சார், நானே படிச்சேன்’ என்றாள். அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார்கள். அவளிடம் என்ன இருக்கும்? லயத்துக்காரர்கள் தோண்டிய கக்கூஸ் குழியால்தான் மண் இளகியது என்று கம்பெனி வக்கீல் சொன்னார்.

அப்போது நான் எழுந்தேன். இதை உன்னிடம் மறைத்து எழுத முடியாது.

நீ பயிற்சிக்குச் சேர்ந்த பிறகு என்னை அங்கே கேட் வாட்ச்மேனாக வைத்தார்கள் அல்லவா? மண் சரிந்ததற்கு முதல் நாள், சனிக்கிழமை காலையில் ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வந்தது. இந்த மலையில் இத்தனை வருஷம் இருந்தவனுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். சூப்பர்வைசர் ராஜசேகரிடம் சொன்னேன். ‘உங்க பையன் இருக்கற கம்பெனிங்க. இப்ப வெளிய சொன்னா அவனுக்குத்தான் கெட்ட பேரு. ரெண்டு நாள் பொறுங்க’ என்றார். பொறுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் பியாட்ரிஸ் அக்கா கேட் வரைக்கும் வந்து, ‘தண்ணி கலங்கலா வருதே பரமசிவன், மேல ஏதாச்சும் பண்றாங்களா?’ என்று கேட்டாள். மழைத் தண்ணி அக்கா, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

இவ்வளவையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். லிஜி அங்கேதான் இருந்தாள். இப்போது பள்ளிக்கூடத்தில் அவள்தான் சோறு பரிமாறுகிறாள். எனக்கும் போடுகிறாள். முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. உன் அம்மாவுக்கும் விசாரணையில் வைத்துத்தான் தெரியும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, ‘நீங்க சொன்னது போதும், அவனைக் கூப்பிடாதீங்க, அவனாவது அங்க பொழைக்கட்டும்’ என்று அழுதாள். நேற்று வேலை விட்டு வரும்போது அவளே தபாலாபீசில் நின்று இந்த உறையை வாங்கிக்கொண்டு வந்தாள்.

நவநீதா, அந்தப் பக்கத்தை அவர்கள் எடுத்தார்களா, நீயே எடுத்துக் கொடுத்தாயா என்று எனக்குத் தெரியாது. போனில் கேட்டால் உன் குரலிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பயந்துதான் நீ போனை எடுப்பதில்லையோ என்றும் நினைக்கிறேன். அவர்கள் எடுத்திருந்தால், நீ முதலில் எழுதியதைக் கொண்டு வா. நீ எடுத்திருந்தாலும் வா. வந்து அதைச் சொல். வேலை போகும். பட்டத்துக்கும் இடைஞ்சல் வரலாம். இல்லையென்றால் செத்தவள் தோண்டிய குழிதான் அவளைக் கொன்றது என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

அடுத்த விசாரணை 27ஆம் தேதி பதினோரு மணிக்கு. மேட்டுப்பாளையத்தில் காலை முதல் பஸ் பிடித்தால் போதும். கோத்தகிரி ஸ்டாண்டில் நான் நிற்பேன், சேர்ந்தே குன்னூர் போகலாம். நம் ஆட்கள் ஏதாவது சொன்னால் பதில் பேசாதே. பக்கத்தில் நானும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அத்தனை வருஷமும் நீ நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் கூப்பிடுகிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா பரமசிவன்.