நேரே கதைத்த ஞாயிற்றுக்கிழமை

மாமி,

நேற்றுப் பள்ளி நூலகத்தில் வரலாற்றுக் கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது என் மின்னஞ்சலுக்கு ஒரு செய்தி வந்தது. "வணக்கம்! உங்களைச் சில காலமாகக் காணவில்லை. மீண்டும் பேச விருப்பமா?" என்று பிரெஞ்சில் எழுதி, கீழே ஒரு பச்சைப் பொத்தானும் வைத்திருந்தார்கள். இணையவழியில் உளவள ஆலோசனை தரும் அந்தத் தளம்தான். செய்தி உங்களுக்கானது. கணக்குத் திறந்த அன்று உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல் உங்களுக்கே மறந்துபோனதால் என் முகவரியைக் கொடுத்தோம், நினைவிருக்கும். நீங்கள் ஆனி மாதத்தில் எங்களை விட்டுப் போய்விட்டதை அவர்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்க வேண்டியவள் நான். பச்சைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், குறிப்பெடுக்க முடியவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் அப்பாவின் ஒரே தங்கை. புவாண்ட்-கிளேரில் இருந்து ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து கர்க்லாண்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். டோர்வல் விமான நிலையத்துக்கு அருகில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. குளிர் அறையில் நின்று நின்று, கோடையிலும் உங்கள் கைகள் சில்லென்று இருக்கும். வந்ததும் அந்தக் கைகளை என் கழுத்தில் வைத்து என்னைக் கத்த வைப்பீர்கள். அம்மாவோடு சமைப்பீர்கள், சிரிப்பீர்கள். அப்பாவோடு மட்டும் ஒரு சொல்லும் பேச மாட்டீர்கள். பேச வேண்டியதையெல்லாம் என் ஊடாகத்தான் அனுப்புவீர்கள்.

"பிள்ளை, உன்ர அப்பாட்டச் சொல்லு, ரோட்டெல்லாம் ஐஸ். காரை மெல்லமா எடுக்கச் சொல்லி."

அப்பா அதே சோபாவின் மறு முனையில் இருப்பார். "உன்ர மாமிட்டச் சொல்லு, நான் நேற்றோ லைசன்ஸ் எடுத்தனான் எண்டு."

"அப்ப போன மாசம் கரேஜ் கதவை இடிச்சது ஆராம் எண்டு கேள்."

நான் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி ஒப்புவிப்பேன். சின்ன வயதில் அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்தேன். எல்லா வீட்டிலும் மாமிமார் இப்படித்தான் கதைப்பார்கள் என்றும் நினைத்தேன். வகுப்புத் தோழி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "அவர்களுக்குக் காது கேட்காதா?" என்று கேட்டபோதுதான் எனக்கு முதன்முறையாக வெட்கம் வந்தது.

காரணத்தை அம்மா பிறகு சொன்னார். நான் பிறப்பதற்கு முந்திய கதை அது. நீங்கள் கனடாவுக்கு வந்து, அகதி விசாரணைக்குத் திகதி கிடைத்துக் காத்திருந்த நேரம், யாழ்ப்பாணத்தில் உங்கள் அம்மா இறந்துவிட்டார். தொலைபேசி அப்பாவுக்குத்தான் வந்தது. உங்களுக்குத் தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவீர்கள், ஏறினால் கேஸ் முடிந்தது என்று அப்பா நினைத்தார். எல்லோருடைய வாயையும் கட்டினார். நீங்கள் விசாரணைக்குப் போனீர்கள், வென்றீர்கள், கேக் வெட்டினீர்கள். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியும் முடிந்து சில நாட்களின் பின், தமிழ்க் கடையில் அரிசிமாப் பக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, யாரோ ஒருவர், "அம்மாவின்ர செய்தி கேள்விப்பட்டனான், தங்கச்சி" என்றார்.

அன்றிலிருந்து கோவம். எங்கள் ஆட்களுக்கு அது ஓர் உணர்ச்சி மட்டும் இல்லை, ஒரு முறையும்தான்: வீட்டுக்கு வரலாம், சமைக்கலாம், பிள்ளையைக் கொஞ்சலாம், முகம் பார்த்துக் கதைக்க மட்டும் கூடாது. அதில் நீங்கள் ஒரு நாளும் தவறியதில்லை.

சென்ற குளிர்காலத்தில் அப்பாவுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வேலை உடுப்போடே நீங்கள் மருத்துவமனைக்கு ஓடி வந்தீர்கள். நானும் அம்மாவும் உள்ளே இருந்தோம். உங்களைக் காணாமல் நான் வெளியே வந்து பார்த்தால், அறைக் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தீர்கள்.

"உள்ளுக்கு வாங்கோ மாமி. அப்பா முழிச்சிட்டார்."

"வரத்தான் பாக்கிறன். கால் வருகுதில்லை, பிள்ளை."

வீம்பு பிடிக்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியும். அது வீம்பு இல்லை. நீங்கள் பயந்துபோயிருந்தீர்கள். அப்பா இறந்தாலும் இந்தக் கால் அந்த வாசலைத் தாண்டாதோ என்ற பயம் என்று பின்னர் எனக்குச் சொன்னீர்கள்.

அடுத்த ஞாயிறு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினீர்கள். "எங்கட வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில ஒரு போஸ்டர் ஒட்டிக்கிடக்கு. கொம்பியூட்டருக்குள்ளால மனக் கஷ்டத்தைக் கதைக்கலாமாம். எனக்கு ஒண்டு பிடிச்சுத் தா."

எனக்குப் புதிய விடயங்களைத் தேடிப் படிப்பது பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உடனே மடிக்கணினியைத் திறந்தேன். தளத்தில் பிரச்சினைகளுக்குச் சிறு சிறு பெட்டிகள் இருந்தன: தூக்கமின்மை, பதற்றம், மணமுறிவு, துக்கம். எதற்கு அடையாளமிட வேண்டும் என்று கேட்டேன்.

"மன்னிக்கிறதுக்கு ஒரு பெட்டி இருக்கோ எண்டு பார்."

"இல்லை மாமி."

"அப்ப இந்த வெள்ளைக்காரர் எல்லாரும் மன்னிச்சு முடிச்சிட்டினம் போல." 'மற்றவை' என்ற இடத்தில் என்னை எழுத வைத்தீர்கள்: ஒருவரை மன்னிக்க உதவி வேண்டும், நான் முயன்று பார்த்துவிட்டேன், என்னால் தனியே முடியவில்லை. பிரெஞ்சில் அதைத் தட்டினேன். எங்கள் சொந்தத்தில் எத்தனையோ கோவங்கள் உண்டு. தனியே முடியவில்லை என்று சொல்லி வெளியே உதவி கேட்ட ஒருவரை அதுவரை நான் கண்டதில்லை.

முதலில் கிடைத்தவர் பிரெஞ்சு பேசும் கியூபெக்காரி, கனிவான முகம். வழக்கம்போல நான் உங்களுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். குடும்ப மருத்துவரிடமும் வங்கியிலும் வாடகைப் பிரச்சினையிலும் உங்களுக்கு வாயாக இருந்தவள் நான். இதற்கும் நான்தான் என்பதில் நம் இருவருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. அவர் என் வயதைக் கேட்டார். பிறகு, யாரை மன்னிக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்டார். நீங்கள் தமிழில் சொன்னீர்கள், நான் பிரெஞ்சில் சொன்னேன்: "என் அண்ணனை. அதாவது, என் அப்பாவை."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மன்னிக்கவும், இந்தப் பிள்ளையை வைத்து என்னால் இதைச் செய்ய முடியாது" என்றார்.

"ஏனாம்? எனக்கு எல்லா இடமும் இவள்தானே கதைக்கிறவள்?"

நான் மொழிபெயர்த்தேன். "அதனால்தான்" என்றார் அவர். எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. நீங்கள் மட்டும் அன்று வீட்டுக்குப் போகும்வரை யோசனையாகவே இருந்தீர்கள். வாசலில் குனிந்து காலில் சப்பாத்துக் கட்டும்போது, "அந்த மனிசி சொன்னது சரி. உன்ர தோளில நாங்கள் ரெண்டு பேரும் கனகாலம் ஏறி இருந்திட்டம்" என்றீர்கள்.

இரண்டாவதாகத் தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்தேன். வேறு நகரத்தில் இருப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர். வணக்கம் சொல்லி முடிந்ததும் எங்கள் ஆட்கள் யாராலும் அடக்க முடியாத அந்தக் கேள்வியைக் கேட்டார்: "நீங்கள் ஊரில எவடம்?" நீங்களும் பழக்கத்தில் சொல்லிவிட்டீர்கள். அவருக்கு உங்கள் வீடு இருந்த சின்னத் தெரு, அந்த ஒழுங்கை, தெரிந்திருந்தது. என் அம்மாவின் பெரியப்பா வீட்டையும் தெரிந்திருந்தது. நீங்கள் நன்றி சொல்லி, மடிக்கணினியைப் பானை மூடுவதுபோல் மெல்ல மூடினீர்கள்.

"அவ ஆருக்கும் சொல்ல மாட்டா. அவவின்ர வாய் பூட்டித்தான் இருக்கும். ஆனா என்ர வாயும் சேர்ந்து பூட்டிக்கொண்டிடும்."

மூன்றாவது ஆள், சென்னையிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலை செய்யும் இளம்பெண். "சொல்லுங்க மேடம்" என்று தொடங்கினார். "மேடமோ! நான் பிளேன் தட்டில பாண் துண்டு வைக்கிற மேடம், தங்கச்சி" என்று நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. அதற்கு மேல் கேட்கவில்லை. நீங்களே எழுந்து வந்து என்னைச் சமையலறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினீர்கள்.

அந்த வாரங்கள் எனக்குக் கடினமாக இருந்தன. எல்லாம் முதலில் என் காதில் விழுந்துதான் பழக்கம். இப்போது அல்ஜீப்ராவைப் பார்த்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் என் அப்பாவைப் பற்றி என்ன சொல்கிறீர்களோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அவரை மன்னிக்காமலே விட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன். அவருக்கு மார்பில் தையல் காயாத நேரம் அது. அமர்வு முடிந்தபின் சில வேளை ஒன்றிரண்டு சொல்வீர்கள்.

"அந்தச் சென்னைப் பிள்ளை சொல்லுது, மன்னிக்கத்தான் வேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லையாம். இதுக்கோ நான் இவ்வளவு பாடுபட்டனான்?"

இன்னொரு நாள்: "'நல்லதுக்குத்தான் செய்தவர்' எண்ட சொல்லைக் கொஞ்ச நாளைக்கு வாயில எடுக்கக் கூடாதாம். உண்மையடி. எல்லாரும் அவர் செய்தது சரி எண்டு சொன்னால், நான் என்னத்தை மன்னிக்கிறது?"

பேருந்தில் போகும்போது அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப எனக்குள் சொல்லிப் பார்ப்பேன். நான் வாசித்த கனமான நூல்களில்கூட அவ்வளவு தெளிவான கேள்வி அதிகம் இல்லை.

பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிறு. நீங்கள் வந்தீர்கள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அப்பா தன் வழக்கமான மூலையில் இருந்தார். நான் நடுவில் போய் உட்காரப் போனேன்.

"நீ மேல போ, பிள்ளை. இண்டைக்கு நான் நேர கதைக்கப்போறன்."

மேலே போகவில்லை, மாமி. படியில் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

"அண்ணை." எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அந்தச் சொல்லை உங்கள் வாயில் நான் கேட்டதில்லை. "நீங்கள் செய்தது நல்லதோ கெட்டதோ எண்டு கேக்க வரேல்லை. கேஸ் வெண்டது எனக்கும் தெரியும். அண்டைக்கு என்ன நடந்தது எண்டு கேக்க வந்தனான். ஒண்டையும் மறைக்காமல் சொல்லுங்கோ."

அப்பா உங்கள் பக்கம் திரும்பி இருந்தார். பிறகு சொன்னார். வேலைக்குப் போகும் வழியில் தொலைபேசி வந்ததையும், காரை ஓரமாக நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருந்ததையும் சொன்னார். "பின்னேரம் நீ போன் எடுத்தனி. வேலையில ஆரோ கோப்பியைத் தன்ர தலையில ஊத்தின கதை சொல்லிச் சிரிச்சாய். நானும் சிரிச்சன். நான் சிரிக்காட்டில் நீ பிடிச்சிடுவாய் எண்டு சிரிச்சன்."

"ஊரில ஆர் கொள்ளி வைச்சது?"

"சித்தப்பா. நான் இஞ்ச மொட்டைகூட அடிக்கேல்லை. அடிச்சால் நீ கண்டிடுவாய்."

நீங்கள் அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் குரல் மாறியது. "அப்ப நீங்களும் அழேல்லையோ, அண்ணை?"

"எங்க அழுறது? பேந்து நீ கதைக்கிறதை விட்டிட்டாய். எனக்கு அழவும் உரிமை இல்லைப் போல இருந்தது. பிழை விட்டிட்டன், தங்கச்சி. கேஸுக்காக இல்லை. அம்மாவை உனக்குத் தெரியாமல் அனுப்பினது பிழை."

அதன் பிறகு நீங்கள் அழுத அழுகையை நான் அதற்கு முன் எங்கும் கேட்டதில்லை. செத்த வீட்டில் அழுவது போல, உங்கள் அம்மாவைக் கூப்பிட்டு, பெருங்குரலில். அப்பாவும் சேர்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் பயந்து வந்து கதவைத் தட்டினார். நான்தான் ஓடிப்போய்த் திறந்தேன்.

"வீட்டில் ஒரு மரணம்" என்றேன் பிரெஞ்சில்.

"ஐயோ! எப்போது?"

"பதினேழு, பதினெட்டு வருடம் இருக்கும்" என்றேன். பாவம், அவர் என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று பஸ் தரிப்பு வரைக்கும் உங்களோடு நடந்து வந்து கேட்டேன்: "மன்னிச்சிட்டீங்களோ மாமி?"

"தெரியாது, பிள்ளை. கோவம் இருந்த இடத்தில இப்ப கவலை இருக்கு. கவலையை வைச்சுக்கொண்டு மனிசர் சோறு தின்னலாம், நித்திரை கொள்ளலாம்."

அந்த வசந்தகாலம் எங்கள் வீட்டில் சத்தம் அதிகம். நீங்களும் அப்பாவும் நேரடியாகவே சண்டை பிடித்தீர்கள்: சாம்பாருக்குப் புளி கூடிப்போச்சு, குளிர்கால டயர் மாற்றப் பிந்திப்போச்சு. நான் நடுவில் இருந்து புத்தகம் வாசித்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு என்று உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு ஆனி மாதம், என் மாகாணத் தேர்வுகள் நடந்த கிழமை. காலை வேலைக்கு வெளிக்கிட்ட நீங்கள் உங்கள் கட்டட வாசலிலேயே விழுந்துவிட்டீர்கள். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். மருத்துவமனையில் இருந்து அப்பாவுக்குத்தான் அழைப்பு. அதற்குள் சொந்தக்காரர் எல்லோருக்கும் செய்தி பரவி, எல்லோரும் அப்பாவிடம் ஒன்றையே சொன்னார்களாம்: "பிள்ளைக்குச் சோதனை முடியட்டும். பேந்து ஆறுதலாச் சொல்லலாம்." அவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

நான் பிரெஞ்சுத் தேர்வுக்கு மண்டபத்துக்கு வெளியே வரிசையில் நின்றேன். பள்ளிச் செயலாளர் வந்து என்னை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அப்பா வேலைச் சீருடையோடு நின்றுகொண்டிருந்தார். என்னை ஒரு கதிரையில் இருத்தி, எனக்கு முன்னால் குந்தி இருந்து, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"மாமி எங்களை விட்டிட்டுப் போட்டா, பிள்ளை. எனக்குத் தெரிஞ்ச உடன வாறன். சோதனை எழுதிறதெண்டாலும் எழுது, என்னோட வாறதெண்டாலும் வா. நீ சொல்லு."

நான் அப்பாவோடு போனேன், மாமி. தேர்வைக் கோடை முடிவில் எழுதிக்கொண்டேன். உங்களைக் குளிப்பாட்டிய பெண்களோடு நானும் நின்றேன். உங்கள் தலையை நான்தான் சீவினேன். இடது பக்க வகிடு, கொஞ்சம் நரை. அப்பா அன்றே போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார். தங்கைக்கு அடிப்பது முறை இல்லையே என்று யாரோ கேட்டார்கள். அப்பா மொட்டைத் தலையோடு உங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று, யாருக்கும் எதையும் மொழிபெயர்க்காமல், சத்தமாக அழுதேன்.