தாழையூரார் தந்த விடை

நலம் பெருகுக. மருதவெளி நாட்டு மாமன்னர் கோச்செங்கதிரின் திருவாய்மொழிப்படி, தலைமை அமைச்சன் நீலன் விழுப்பரையன், தென்கரைக் காவலர் மாறங்கொற்றனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கரையில் வலைகள் நிறைக; தங்கள் காவலில் உள்ளோர் அச்சமின்றி உறங்குக. முறைப்படி வாழ்த்திவிட்டேன். இந்த ஓலை சுமந்து வரும் செய்தியோ அவ்வாழ்த்துக்கு நேர்மாறானது.

வடமுகட்டு நாட்டாரோடு நாம் செய்த கனற்கல் உடன்படிக்கைக்கு முத்திரையிடப்பட்டுவிட்டது. விறகின்றிக் கனலும் அந்தக் கல்லை அவர்கள் தருவார்கள். அதைக் கொண்டு நாம் உலைகளை எரிக்கலாம், ஏரி நீரை மேட்டு நிலத்துக்கு ஏற்றலாம். ஆயுதம் மட்டும் செய்யக்கூடாது. நம் தேவை பொய்யன்று. குன்றுகள் மொட்டையாகிவிட்டன, சென்ற பனிக்காலத்தில் வீட்டுக் கதவைப் பிளந்து அடுப்பெரித்தவர்களைத் தலைநகரிலேயே கண்டேன். ஆனால் எரிந்து முடிந்த கல்லின் நஞ்சு பல தலைமுறைக்கு அடங்காது. அதைப் புதைக்கத் தங்கள் ஆட்சிக்குட்பட்ட தாழையூரைக் குறித்தார்கள்.

பொதுமன்றம் கூடியது. ஆயுதம் செய்கிறோமா என்று வடமுகட்டார் நம் உலைக்கூடத்துள் புகுந்து சோதிப்பது நமக்கு இழுக்கா என்று வாதிட்டே புலவரும் படைத்தலைவரும் பொழுதைக் கழித்தனர். தாழையூர்த் தலைவி சங்கிலியாள் தம் ஊருக்காகப் பேச எழுந்தபோது பாதி இருக்கைகள் காலி. கொல்லர் தலைவர் உலகன், "நெருப்பு வேணாங்கிறவங்க இனிமே மீனைப் பச்சையாவே தின்னுங்க தாயி" என்று கேலி செய்தார். "அம்புட்டு நல்ல கல்லுன்னா அரமணைத் தோட்டத்துலயே பொதைச்சுக்குங்கண்ணே, நாங்க வேணாம்னா சொன்னோம்?" என்றார் சங்கிலியாள். மன்றம் சிரித்தது, உலகனும் சிரித்தார்.

பிறகு மன்றத் தலைவர், ஊரை விட்டு வெளியேறத் தாழையூரார் இசைகிறார்களா என்று முறைப்படி வினவினார். அந்நேரம் மன்றம் கலையும் முரசு முழங்கிற்று. ஊராரைக் கலக்காமல் மறுமொழி சொல்லும் வழக்கம் சங்கிலியாளுக்கு இல்லை. அவர் கைகூப்பி, "அப்ப நாங்க போயிட்டு வாரோம்" என்று சொல்லிப் புறப்பட்டார்.

விடைபெறும்போது 'போகிறேன்' என்று நம்மில் எவரும் சொல்வதில்லை; அது மங்கலமன்று. மன்றத்தில் உடனிருந்து குறிப்பெடுத்த வடமுகட்டு எழுத்தருக்கு இது தெரியாது. கேட்ட கேள்விக்கு அதுவே மறுமொழி என்று கொண்டு, 'போவோம். கொடுக்கும் இடத்துக்கு வருவோம்' என உடன்படிக்கையில் பொறித்தார். நம் எழுத்தர்கள் அதைப் படித்தார்கள். பிழையென்று அறிந்தும் வாய் திறக்கவில்லை. எப்படியோ ஓர் இசைவு கிடைத்ததே என்ற நிம்மதி அவர்களுக்கு.

முத்திரையிட்ட பின் சங்கிலியாள் என்னைத் தேடி வந்தார். "ஊருல எல்லாரும் மாட்டோம்னுட்டாங்கய்யா. மறுபடி மன்றம் எப்பக் கூடும்? நாங்க இன்னும் பதிலே சொல்லலியே" என்றார். அவர் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. நடந்ததைச் சொன்னேன். "மரியாதையாத்தானய்யா சொன்னேன்" என்றார் அவர்.

மன்னரிடம் சென்று மன்றாடினேன். ஒரு சொல்லைத் திருத்தினால் வடமுகட்டார் முழு உடன்படிக்கையையும் கைவிடுவார்கள் என்றும், வரும் பனியில் மடிவோருக்கு யார் பொறுப்பு என்றும் அவர் கேட்டருளினார். அவர் கொடியவர் அல்லர். முத்திரை மோதிரத்தை விரலில் சுழற்றியபடி, என் முகத்தைப் பாராமலே அமர்ந்திருந்தார்.

ஆகவே, உடன்படிக்கைப்படி, கல் ஏற்றிய முதல் மரக்கலம் கரை சேருமுன் தாழையூர் வெறுமையாக வேண்டும். இது மன்னர் ஆணை.

இனி எழுதுவது என் பொறுப்பில் நான் இடும் ஆணை. அவர்கள் மனமுவந்து போவதாக எங்கும் பறையறைவிக்க வேண்டா. நம் வீரர் எவரும் அவர்கள்மேல் கை வைக்க வேண்டா. வண்டியேறும்போது அவர்கள் காவலராகிய தங்களிடமும் 'போயிட்டு வாரோம்' என்றே சொல்வார்கள். பிரிவதற்கு அவர்களிடம் வேறு சொல் இல்லை. கேட்டதும் 'போய் வாருங்கள்' என்று பழக்கத்தால் நம் வீரர் வாயில் வந்துவிடும். ஒருவரும் அதைச் சொல்லாதபடி பார்த்துக்கொள்க.

இதற்கு அரச இலச்சினை சான்று. இவை விழுப்பரையன் எழுத்து.