அண்ணியின் உப்பில்லா விரதம்

அண்ணி, இன்று காலை பக்கத்து வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்தார்கள். வாசனை அடுப்படிக்குள் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். கருவாட்டு வாசனைக்கு அழுகிறவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெங்காயக் காட்டில் களை எடுக்கும்போது தலை சுற்றுகிறது என்று நீங்கள் உட்கார்ந்த அன்றுதான் பிரஷர் இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நீங்களா குறைப்பீர்கள்? தட்டின் ஓரத்தில் தனியாக ஒரு சிட்டிகை உப்பு வைத்துக்கொள்கிறவர் ஆயிற்றே. "உப்பில்லாம திங்க நான் என்ன மாடா?" என்று அண்ணன் மீது பாய்ந்தீர்கள்.

டாக்டர் சொல்லிக் கேட்காத உங்களை முருகன் கேட்க வைத்தார். தலைசுற்றல் நின்றால் செட்டிகுளம் மலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு மாலை போட்டீர்கள். அன்று முதல் உப்பில்லாத சோறு. மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டீர்கள். பங்குனி உத்திரத்தில் பால்குடம் எடுத்து முடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தால் பிரஷர் இறங்கியிருந்தது.

"நல்லா கொறஞ்சிருக்குங்க. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க" என்றார் நர்ஸம்மா. நீங்கள் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்.

"முருகனே எறக்கிட்டான் பாப்பா. இனிமேலும் மாத்திரை போட்டா அவன நம்பலன்னு ஆயிடும்."

நான் சண்டை போட்டேன். அண்ணன் கெஞ்சினார். மாலையைக் கழற்றிய வாரமே வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. தலைசுற்றல் இல்லை, வலி இல்லை. போகப் போக நாங்களும் நம்பிவிட்டோம்.

அடுத்த வெங்காய அறுப்பின்போது உங்கள் கையிலிருந்து கூடை நழுவியது. ஓடி வந்து பார்த்தேன், வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பெரம்பலூருக்குக் கொண்டுபோயும் உங்களைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

"ஊரு ஒலகம் பூரா இதே கதைதாம்மா. நல்லா இருக்கேன்னு நிறுத்திடறாங்க" என்றார் டாக்டர். உலகக் கணக்கு எனக்கு எதற்கு? எனக்கு இருந்தது ஒரே அண்ணி.

போன மாதம் உங்கள் மகளுக்கும் பிரஷர் என்று சொல்லிவிட்டார்கள். அவளும் இப்போது மாலை போட்டிருக்கிறாள். "விரதம் முடியட்டும் அத்தை, அப்புறம் மாத்திரை போட்டுக்கறேன்" என்றாள்.

"போடுடி. முருகன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்று மாத்திரையை அவள் கையில் வைத்தேன். விழுங்கிய பிறகும் விடவில்லை, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்தாள், அண்ணி. அச்சு அசல் உங்கள் சிரிப்பு.