நான் பாஸாயிட்டேன் கோமதி

என் சண்டைக்காரி கோமதிக்கு,

சௌக்கியமா என்று கேட்க முடியாத ஊருக்குப் போய்விட்டாய். இருந்தாலும் கேட்கிறேன்.

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு நாம் எழுதிய அந்த ஆங்கிலப் பரீட்சையில், போன வாரம் நான் பாஸாகிவிட்டேன். என்னைக் கவிழ்த்துக்கொண்டே இருந்த கடிதம் எழுதும் பகுதியிலும்தான். ஆஸ்பத்திரியில் எல்லோரும் கை கொடுத்தார்கள். யாரிடம் முதலில் சொல்ல வேண்டுமோ அவளிடம் சொல்ல முடியவில்லையே, பாவி!

ஆஸ்பத்திரி வேலைக்குப் போகக் கரிவலம்வந்தநல்லூரில் பஸ் ஏறியதும் ஜன்னலோரத்தை நீ பிடித்துக்கொள்வாய். சங்கரன்கோவில் வரும்வரை நீ இரண்டு ஆங்கில வாக்கியம் சொல்ல, நான் அவற்றை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நான் 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் ஒரு 'பட்'டும் போடுவேன். "ஏட்டி, ஒரு கதவுக்கு எதுக்குட்டி ரெண்டு பூட்டு?" என்று கிள்ளுவாய். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' மாறினால் கோபமே வந்துவிடும். "மாத்திரைக்கு முன்னாடி வாந்தி எடுத்தாரா, பொறவு எடுத்தாரா? நீ மாத்தி எழுதுனா டாக்டர் என்னத்தப் பாப்பாரு?" கண்டக்டர் அண்ணாச்சி திரும்பிப் பார்ப்பார்.

நீ முதல் தடவையே பாஸ். போயிருக்கலாம். "நீயும் பாஸாவு, சேந்தே போவோம்" என்று காத்திருந்தாய். ஊருக்கெல்லாம் காய்ச்சல் பார்த்தவள், ஒரு காய்ச்சலிலேயே போய்ச் சேர்ந்தாய். அப்படி என்ன அவசரம் உனக்கு?

இப்போது நானே வாக்கியம் சொல்லி நானே சேர்த்துக்கொள்கிறேன். தப்பே வருவதில்லை. கிள்ள ஆளில்லாமல் சரியாகச் சொல்வது எவ்வளவு வெறுமையாக இருக்கிறது தெரியுமா?

நேற்று உன் அம்மாவிடம் போய், "நான் போகலம்மா" என்றேன். தனியாக அங்கே போய் யார் முகத்தைப் பார்ப்பேன்? அம்மா அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டார்.

"எம்மவ யாருக்காவ காத்துக் கெடந்தா? நீயும் இங்கனயே கெடந்தா அது வீணாப் போயிரும்லா? கெளம்புட்டி."

பிறகு வெளியே வந்து, குளிருக்கென்று நீ வாங்கி வைத்திருந்த ஸ்வெட்டரை என் மடியில் வைத்தார். கவர்கூடப் பிரிக்கவில்லை. இரண்டு பேரும் அழுதோம்.

போகிறேன் கோமதி. உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு விமானத்தில் ஜன்னலோரமாக உட்காருவேன், இது சத்தியம். அதுவரைக்கும் நம் பஸ்ஸில் அந்த இடம் உனக்குத்தான். யார் கேட்டாலும், "ஆள் வருது" என்றே சொல்வேன்.

உன் வீட்டின் இன்னொரு மகள்,
இசக்கி